குழலும் வளையமும்

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்துபவை இரண்டு எஃகு வளையங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பின்வளையம் ஒரு காகிதத்தின் கனத்துக்கு, அதாவது 0.1 மி.மீ. அளவுக்கு, மேலே தூக்கி நின்றால் என்ன ஆகும்? நூறில் 0.1 என்பது ஆயிரத்தில் ஒன்று. அந்தச் சாய்வு 100 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் 10 சென்டிமீட்டர் பிசகாகிவிடும். 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர். கண்ணுக்கே தெரியாத பிசகை ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுகிற ஏற்பாடு இது.

சென்ற அத்தியாயத்தில் லென்ஸுகளைப் பார்த்தோம். தொலைநோக்கி என்றாலே எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வளையத்தை ஏதோ ஆணி, கீல் வகையறாவாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். 1950-க்கு முந்தைய கருவிகளைப் பொறுத்தவரை இது பெரிய அநியாயம். அந்தக் காலத்துத் தொலைநோக்கி பாதிக் கருவிதான். மீதிப் பாதி அதன் வளையத்திலும், வளையத்தைத் துப்பாக்கியோடு இணைக்கும் அடித்தட்டிலும் இருக்கிறது. பழைய தொலைநோக்கி ஒன்றுக்கு அதன் காலத்து வளையங்களைத் தேடிப் பூட்டுகிறவர்களின் பிடிவாதத்துக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. அதற்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது.

நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1943-இல் அமெரிக்க ராணுவம் எம்1903ஏ4 என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. ரெமிங்டன் நிறுவனம் ஏறத்தாழ 28,000 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. போர் உச்சத்தில் இருந்தது. புதிதாக ஒரு தொலைநோக்கியை வடிவமைக்க அவகாசமில்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் கடையில் வாங்கிக்கொண்டிருந்த வீவர் 330 தொலைநோக்கியையும், டென்வர் நகரத்து ரெட்ஃபீல்ட் நிறுவனத்தின் ‘ஜூனியர்’ என்ற தாங்கியையும் எடுத்துப் பொருத்தினார்கள். இந்தத் துப்பாக்கியில் குழாய் முனையில் இருக்கவேண்டிய குறிமுள் கிடையாது. தொலைநோக்கி ஆட்டம் கண்டால் குறிபார்க்க வேறு வழியே இல்லை. எல்லாம் அந்த இரண்டு வளையங்களை நம்பித்தான்.

வீவர் 330-இன் குழல் முக்கால் அங்குல விட்டம் கொண்டது, அதாவது 19.05 மி.மீ. அதே காலத்தில் புகழ்பெற்றிருந்த லைமன் அலாஸ்கனின் குழல் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, 22.2 மி.மீ. பிரிட்டனின் 32-ஆம் எண் தொலைநோக்கிக்கு ஒரு அங்குலக் குழல். ஜெர்மனி, ஆஸ்திரியாவின் பழைய எஃகுக் குழல்கள் பல 26 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் வளையங்களோ பெரும்பாலும் ஒரு அங்குலம், இல்லையென்றால் 30 மி.மீ. இதில் மிகவும் ஏமாற்றுவது 26 மி.மீ. குழல்தான். ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ.; வித்தியாசம் வெறும் 0.6 மி.மீ. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளக்காதவர் ஒரு அங்குல வளையத்தை வைத்து அழுத்தி ஸ்க்ரூவை முடுக்கிவிடுவார். அப்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும்.

வளையத்தின் கீழ்ப்பாதி அரைவட்டத் தொட்டி. குழல் அதைவிடப் பெரியதானால் தொட்டியின் அடிவரை இறங்காது. இரண்டு பக்க விளிம்புகளில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும், அடியில் வெற்றிடம் இருக்கும். மேல்மூடியும் அப்படியே. ஆக, குழலைச் சுற்றி நான்கு கூரான விளிம்புகள் மட்டுமே அழுத்துகின்றன. எதிர்த்திசையில், குழல் சிறியதாக இருந்தால் தொட்டியின் அடியில் ஒரே கோட்டில் தொடும், மேல்மூடி உச்சியில் ஒரு கோட்டில் தொடும். ஸ்க்ரூவை முடுக்க முடுக்கக் குழல் முட்டை வடிவத்துக்கு நசுங்கும். முதல் வகையில் குழலின் மேல் கீறல் விழுகிறது, இரண்டாவதில் நெளிசல். பழைய தொலைநோக்கிகளில் வளையம் இருந்த இடத்தில் தெரியும் வெள்ளைத் தழும்புகளைப் பார்த்தே முன்னால் வைத்திருந்தவர் எந்தத் தப்பைச் செய்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நசுங்கிய குழலுக்குச் சரியான வளையம் கிடைத்தாலும் பயன் குறைவு. நெளிந்துபோன தூக்குச்சட்டிக்கு அதன் சொந்த மூடியே பொருந்தாது அல்லவா, அதே கதைதான். அதனால் முதல் வேலை அளப்பது. வளையம் வரப்போகும் இரண்டு இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இரண்டு திசைகளில் அளக்கவேண்டும். இரண்டு திசை அளவும் ஒத்துப்போனால் குழல் வட்டமாக இருக்கிறது. ஐந்தாறு நூறில் பங்கு மில்லிமீட்டர் வேறுபட்டால் அது ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. வளையத்தைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நகர்த்தி நல்ல இடம் தேடவேண்டும்.

இனி பிடிமானத்துக்கு வருவோம். துப்பாக்கி வெடிக்கும்போது வளையத்தின் மேல் எவ்வளவு விசை வருகிறது? எம்1903ஏ4 சுடும் .30-06 தோட்டாவின் குண்டு சுமார் 10 கிராம், வேகம் நொடிக்கு 850 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. அதோடு வெளியேறும் வெடிவாயுவின் உந்தத்தையும் சேர்த்தால், நாலேகால் கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கிறது. இந்த வேகத்தை அது நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் அடைந்துவிடுகிறது. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 150 மடங்கு. தொலைநோக்கியின் எடை 300 கிராம் என்று கொண்டால், அந்தக் கணத்தில் அதைப் பிடித்து இழுத்துப்போக வேண்டிய விசை சராசரியாக 45 கிலோ எடைக்குச் சமம். உச்சத்தில் இது இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

விசை எந்தத் திசையில் என்பதிலும் பலர் குழம்புகிறார்கள். துப்பாக்கி பின்னால் போகிறது. தொலைநோக்கி நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஆகவே வளையத்துக்குள் அது முன்பக்கமாகத்தான் நழுவும். பிடிமானம் போதாத தொலைநோக்கி ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மயிரிழை முன்னே போகும். வளையத்தை ஒட்டிக் குழலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துப் பத்து முறை சுட்டுவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நழுவுகிறதென்றால் எல்லோருக்கும் உடனே தோன்றுவது ஸ்க்ரூவை இன்னும் முடுக்குவது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதியை வளைந்த பரப்புக்குப் போட்டுப் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. உராய்வு தொடுபரப்பின் அளவைப் பொறுத்ததல்ல, அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் வளையத்தில் அழுத்தும் விசை எவ்வளவு என்பதே குழல் எப்படித் தொடுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று தொட்டால், ஸ்க்ரூக்கள் சேர்ந்து தரும் இறுக்கத்தைப்போல 2 மடங்குதான் குழலை அழுத்தும் மொத்த விசை. அதே இறுக்கத்தில் வளையம் முழுச்சுற்றும் சீராகத் தழுவியிருந்தால், அந்த 2 என்பது 3.14 ஆகிறது. வட்டத்தின் பை எண்ணேதான். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கூடத் திருப்பாமல், பொருத்தத்தைச் சரிசெய்வதால் மட்டும், ஒன்றரை மடங்குக்கும் மேல் பிடிமானம் கிடைக்கிறது. அதைவிட முக்கியம், அந்த அழுத்தம் கோட்டில் குவியாமல் பரப்பில் பரவுவதால் குழல் நசுங்குவதில்லை. பழைய குழலைக் காப்பாற்றுவது இந்தப் பரவல்தான். எனவேதான் முடுக்கும் கையைவிட அளக்கும் கைக்கு அதிக மரியாதை தரவேண்டும் என்று சொல்கிறேன்.

வளையம் எங்கே தொடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கிக் கொல்லர்களிடம் ஒரு பழைய முறை உண்டு. குழலின் விட்டத்துக்கே கடைந்த ஓர் எஃகு உருளையை எடுத்து, விளக்குச் சுடரில் காட்டிப் புகைக்கரி படியவைப்பார்கள். அதை வளையத்தில் வைத்து மெல்ல அழுத்தி எடுத்தால் வளையத்தின் உட்புறத்தில் தொட்ட இடங்களில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். நல்ல வளையத்தில் கரி பரவலாகப் படியும். இரண்டு வளையங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் முன்வளையத்தின் ஒரு விளிம்பிலும் பின்வளையத்தின் எதிர்விளிம்பிலும் மட்டும் பிறைபோலக் கரி தெரியும். இந்தப் பிறைகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்த வளையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

சாய்வைச் சரிசெய்ய இன்றைய பழக்கம், உருளையில் எமரிப் பசையைத் தடவி வளையத்துக்குள் முன்னும் பின்னும் தேய்ப்பது. மேடுகள் தேய்ந்து பரப்பு சமமாகும். புது வளையத்துக்கு இது நல்ல முறை. 80 வயதான வளையத்துக்கு எனக்கு இதில் உடன்பாடில்லை. உட்புறத்து நீலப்பூச்சு போய்விடும், அங்கே துரு ஏறும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதைவிட, சாய்வின் காரணத்தைத் தேடி அடித்தட்டுக்குப் போவது நல்லது. பெரும்பாலும் அடித்தட்டுக்கும் துப்பாக்கி உடலுக்கும் நடுவே பழைய எண்ணெய்ப் பிசுக்கோ துருப்பொருக்கோ சிக்கியிருக்கும். சுத்தம் செய்த பிறகும் சாய்ந்தால், தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைக்கலாம். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அந்தக் காலத்துப் பட்டறைகளில் வளையத்துக்குள் பைன் மரப்பிசினிலிருந்து எடுக்கும் ரோசின் பொடியைத் தூவுவதும் வழக்கம். வயலின் வில்லுக்குப் பூசுகிறார்களே, அதே ரோசின். உராய்வைக் கூட்டும், உலோகத்தைத் தொடாது.

எஃகுக் குழலுக்கு எஃகு வளையம் என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அலுமினியம் வெப்பத்தில் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒரு அங்குல அலுமினியக் குழலை எஃகு வளையத்தில் பூட்டி, 40 டிகிரி செல்சியஸ் குளிரவைத்தால் குழல் வளையத்தைவிட 0.012 மி.மீ. அதிகம் சுருங்கும். பெரிய அளவில்லை. ஆனால் பொருத்தமே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் நடக்கும் இடத்தில் இதுவும் கணக்கில் வரும்.

இப்போது, வளையம் பாதிக் கருவி என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். இன்றைய தொலைநோக்கியில் குறியைத் திருத்தும் குமிழைத் திருப்பினால் உள்ளே பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ் தொகுதி நகர்கிறது. குறுக்குக்கோடு எப்போதும் பார்வையின் நடுவிலேயே நிற்பதாகத் தெரியும். பழைய தொலைநோக்கிகள் பெரும்பாலானவற்றில் நகர்வது குறுக்குக்கோடேதான். வளையம் கோணலாக இருந்து, அதை ஈடுகட்டக் குமிழை நிறையத் திருப்பினால், குறுக்குக்கோடு வட்டத்தின் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். முன்லென்ஸின் குவியத் தூரம் 100 மி.மீ. என்றால், 100 மீட்டரில் ஒரு மீட்டர் பிசகைச் சரிசெய்ய அது மையத்திலிருந்து 1 மி.மீ. விலகவேண்டும். பிம்பத்தின் விட்டமே 10 மி.மீ. அளவுதான் என்பதால், மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஐந்தில் ஒரு பங்கு வழி அது போய்விட்டது. கண் சங்கடப்படும். ஓரத்தில் பிம்பத்தின் தெளிவும் குறைவு.

ஜெர்மனியின் பழைய வேட்டைத் தொலைநோக்கிகள் பலவற்றில் மேல்-கீழ் திருத்தத்துக்கு மட்டுமே குமிழ் இருக்கும். இட-வலத் திருத்தம் தாங்கியின் பொறுப்பு. செய்தவர்கள் ஏதோ விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக்கூடாது. தாங்கியும் தொலைநோக்கியும் சேர்ந்தே ஒரு கருவி என்று முடிவுசெய்துதான் அப்படிச் செய்தார்கள். அதில் ஒரு புது வளையத்தைப் பூட்டினால் கருவியின் ஓர் உறுப்பையே கழற்றிவிட்டதாக ஆகும்.

ரெட்ஃபீல்ட் ஜூனியரின் அமைப்பு இந்தச் சிந்தனையின் அருமையான உதாரணம். அடித்தட்டு ஒற்றைத் துண்டு. முன்வளையத்தின் அடிப்பாகம் ஒரு டவ்டெயில், அதாவது புறாவின் வால்போல அடியில் விரிந்த நாக்கு. அதைத் தட்டின் பள்ளத்தில் குறுக்காக இறக்கி 90 டிகிரி திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பின்வளையத்தின் காலில் இரு பக்கமும் அரைவட்ட வெட்டுகள். தட்டில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய ஸ்க்ரூக்களின் தலைகள் அந்த வெட்டுகளுக்குள் வந்து நெருக்கும். இடதுபக்க ஸ்க்ரூவைத் தளர்த்தி வலதுபக்கத்தை முடுக்கினால் தொலைநோக்கியின் வால் இடதுபுறம் நகரும். முன்வளையம் அச்சாக நிற்கிறது, பின்வளையம் வீசுகிறது. முதலில் இந்த ஸ்க்ரூக்களால் பெரிய திருத்தத்தைச் செய்துவிட்டால், குறுக்குக்கோட்டை மையத்துக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பூட்டும்போது கவனிக்கவேண்டியது ஒன்று. முன்வளையம் பள்ளத்தில் மிக இறுக்கமாகத் திரும்பும்; அப்படித்தான் திரும்பவேண்டும். அவசரக்காரர்கள் தொலைநோக்கியை வளையத்தில் மாட்டிவிட்டு அதையே கைப்பிடியாகப் பிடித்துத் திருப்புகிறார்கள். மெல்லிய எஃகுக் குழல் அங்கேயே வளைந்துவிடும். வளையத்தில் அதே விட்டமுள்ள மரக்கட்டையோ இரும்பு உருளையோ வைத்துப் பூட்டி, டவ்டெயிலில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அந்த உருளையைப் பிடித்துத் திருப்பவேண்டும். வளையம் பழகி இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் தொலைநோக்கிக்கு வேலை. பிற்பாடு கழற்றவேண்டி வந்தால் பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்றை மட்டும் எடுக்கவேண்டும். தொடாத ஸ்க்ரூ எல்லைக்கல்லாக நிற்கும். திரும்ப மாட்டும்போது பின்வளையம் அதன்மேல் வந்து சாய்ந்தால் பழைய குறி ஏறக்குறையத் திரும்பக் கிடைத்துவிடும்.

பழைய வளையங்களில் சில இரண்டு பாதிகளாகப் பிரியாது. முழு வளையத்தில் ஒரு வெட்டு, அதை நெருக்க ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். குழலின் முனையிலிருந்து நுழைத்துத்தான் போடமுடியும். லைமன் அலாஸ்கனின் முன்பக்கம் வீக்கமில்லாத நேர்க்குழல். முன்வளையம் எளிதாக ஏறிவிடும். பின்வளையமோ நடுவிலிருக்கும் குமிழ்ப்பெட்டிக்கும் கண்லென்ஸுக்கும் இடையில் வரவேண்டும். அதற்குக் கண்லென்ஸ் பகுதியைக் கழற்றியாகவேண்டும். கழற்றினால் உள்ளே தூசி போகும், எத்தனை மரை உள்ளே இருந்தது என்ற கணக்கும் தவறும். அதனால் கழற்றும்போதே சுற்றுகளை எண்ணி எழுதி வைத்துக்கொள்வார்கள். பிரிகிற வளையங்களிலும் ஒரு எச்சரிக்கை: மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பெரும்பாலும் சேர்த்து வைத்தே கடையப்பட்டவை. ஒன்றின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றினாலோ முன்பின்னாகத் திருப்பி வைத்தாலோ பொருத்தம் கெடும். பிரிட்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிகளை ஸ்னைப்பர் துப்பாக்கிகளாக மாற்றியபோது தாங்கியில் துப்பாக்கியின் எண்ணையும், துப்பாக்கியின் மரக்கட்டையில் தொலைநோக்கியின் எண்ணையும் பொறித்தது இதே காரணத்துக்காகத்தான். மூன்றும் ஒரே ஜோடிப்பு. பிரித்து வேறொன்றில் மாட்டினால் எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து சரிசெய்யவேண்டும்.

ஸ்க்ரூ விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லர்களிடம் நிலைத்துவிட்ட 6-48 என்ற அளவின் விட்டம் 3.5 மி.மீ.; அங்குலத்துக்கு 48 மரை, அதாவது ஒரு மரைக்கு 0.53 மி.மீ. மெட்ரிக் எம்3.5 ஸ்க்ரூவுக்கும் விட்டம் அதேதான், ஆனால் மரைக்கு 0.6 மி.மீ. ஆகவே அது இரண்டு சுற்று சமத்தாக உள்ளே போகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 0.07 மி.மீ. பிசகு சேர்ந்து இறுகும். நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு முறை திருகினால் 80 ஆண்டு பழைய மரை உரிந்துவிடும். எதிர்ப்பு தெரிந்த அந்தக் கணமே நிறுத்தவேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் அலகும் ஸ்க்ரூவின் வெட்டை நீளத்திலும் ஆழத்திலும் முழுக்க நிறைக்கவேண்டும். சாதாரண ஆப்பு வடிவ அலகு திருப்பும்போது மேலே ஏறி வெட்டின் உதடுகளைக் கிழித்துவிடும். பக்கங்கள் இணையாகத் தீட்டிய அலகுதான் இந்த வேலைக்கு.

ஜெர்மன் கைவினைஞர்கள் ஸ்க்ரூவையே தவிர்த்தார்கள். ஸூல் நகரத்துக் கொக்கித் தாங்கிகளில் வளையத்தைக் குழலோடு ஈயப்பற்று வைத்தே ஒட்டிவிடுவார்கள். சுற்றளவு முழுக்கப் பிடிப்பு. நழுவ வழியே இல்லை. முன்பு சொன்ன 3.14-ஐயும் தாண்டிய பொருத்தம். ஆனால் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில்தான் உருகும். அந்தக் காலத்து லென்ஸுகளை ஒன்றோடொன்று ஒட்டிய கனடா பால்சம் பிசின் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். எனவே லென்ஸுகளையும் குறுக்குக்கோட்டையும் வெளியே எடுத்துவிட்டு, வெறும் குழலில்தான் பற்றவைக்கவேண்டும். இதைத் தெரியாமல் வளையத்தைக் கழற்றக் குழலுக்குச் சூடு காட்டியவர்களால், பிசின் குமிழ்விட்டு மங்கிப்போன அருமையான தொலைநோக்கிகள் உண்டு.

இதற்கெல்லாம் நேரெதிராக யோசித்தவர்களும் இருந்தார்கள். அன்எர்ட்ல், ஃபெக்கர் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் நீண்ட போட்டித் தொலைநோக்கிகளில் வளையம் குழலைப் பிடிப்பதே இல்லை. குழல் வளையத்துக்குள் தாராளமாகச் சறுக்கும். வெடித்ததும் துப்பாக்கி பின்னால் போக, தொலைநோக்கி இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகு கையால் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள், அல்லது ஒரு சுருள்வில் இழுத்துவிடும். 45 கிலோ விசையை எதிர்த்து நிற்பதற்குப் பதிலாக அதை வரவே விடாமல் செய்யும் வழி. திருத்தமெல்லாம் வெளியே, பின்வளையத்தில் இருக்கும் மைக்ரோமீட்டர் குமிழ்களில். அடித்தட்டுகளின் இடைவெளி வழக்கமாக 7.2 அங்குலம். குமிழின் ஒரு சொடுக்குக்குக் குழல் நகர்வது அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கில் கால்வாசி வருகிறது. 100 கெஜத்தில் கால் அங்குலம். இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியில் நமக்கு எதிராக வேலைசெய்த அதே நெம்புகோல்தான் இங்கே அளவுகோலாகியிருக்கிறது. வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பூட்டிவிட்டால் சொடுக்கின் மதிப்பும் மாறிவிடும். ஆகவே இவ்வகைத் தொலைநோக்கியைப் புதிய துப்பாக்கிக்கு மாற்றுகிறவர், தட்டுக்கான துளைகளைப் போடுமுன் 7.2 அங்குலத்தைக் குறித்துக்கொண்டுதான் டிரில்லை எடுக்கவேண்டும்.